நிறப்புரிப் பகுப்பாய்வில் 'இணை' படுத்தும் பாடு

> 'இணைக் கணிமை' பழகிவிட்ட சொல். அதை ஏன் கலைக்க வேண்டும்?

அன்புள்ள நண்பருக்கு,

ஒரு வேலையைப் பல செயலிகள் ஒரே நேரத்தில் பங்கிட்டுச் செய்யும் முறைக்கு (parallel computing) வழங்கும் அந்தச் சொல்லை, பொதுக் கட்டுரை என்றால் நானும் கலைக்க மாட்டேன். ஆனால் இப்போது மொழிபெயர்ப்பில் எனக்கு வாய்த்திருக்கும் தொடரைப் பாருங்கள்: 'நிறப்புரி இணைகளை இணைக் கணிமையால் இணைத்தல்'. மூன்று இணைக்கும் மூன்று பொருள்! மனித உயிரணுவில் 46 நிறப்புரிகள் (குரோமோசோம்கள்), 23 இணைகள். இந்தத் துறையில் 'இணை' முன்பே குடியேறிவிட்டது.

நுண்ணோக்கிப் படத்தில் சிதறிக் கிடக்கும் நிறப்புரிகளை ஒருகாலத்தில் கத்தரிக்கோலால் வெட்டி, நீளம் பார்த்து, ஜோடி சேர்த்து ஒட்டினார்கள். கணினியிடம் கொடுத்தால், ஒவ்வொன்றின் நடு அச்சையும் வரிப்பட்டைகளையும் அளக்கும் வேலையைப் பல செயலிகளுக்குப் பங்கு போடலாம். ஒன்றுக்காக இன்னொன்று காத்திருக்க வேண்டியதில்லை. (ஒன்றன்மேல் ஒன்று படுத்துக் கிடக்கும் நிறப்புரிகள்தான் தலைவலி.) ஜோடி சேர்க்கும் கட்டம் அப்படியல்ல. ஒரு வகைக்குப் பொதுவாக இரண்டுதான் என்பதால், ஒன்றை எங்கே வைப்பது என்பது மற்ற 45ஐயும் பார்த்த பிறகே முடிவாகும். அதாவது, இணை சேர்க்கும் இடத்தில்தான் இணைக் கணிமை தடுமாறுகிறது. இந்த வாக்கியத்தை எந்த மாணவர் ஒரே வாசிப்பில் புரிந்துகொள்வார்?

'இணை'க்குப் பதிலாக இலங்கை நண்பர் ஒருவர் சொன்ன 'சமாந்தரம்' இந்தக் குழப்பத்தைத் தராது. ஆனால் அதுவும் ஒன்றையொன்று சந்திக்காத கோடுகளிலிருந்து வந்ததுதான். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் 1980 வாக்கில் இயங்கிய கிளிப்-4 என்ற படக்கணினியில் 96×96, அதாவது 9216 செயலிகள். எல்லாவற்றுக்கும் ஒரே கட்டளை. ஆனால் ஒவ்வொன்றும் பக்கத்துச் செயலியிடம் கேட்டுக்கொள்ளும். இது நடவு வயலில் வரிசையாகக் குனிந்து நிற்கும் பெண்களின் வேலை. சந்திக்காத கோடுகளுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

என் பரிந்துரை: ஒருசேர்கணிமை. 'ஒருசேர' எல்லாரும் அறிந்த சொல். வினைத்தொகையாகக் கொள்வதால் 'க்' மிகாது. 'உடன்கணிமை'யையும் எண்ணிப் பார்த்தேன். 'உடனடி' என்று படித்துவிடுவார்கள். வேகம் இதன் விளைவுதான், முறை அன்று. சொல் சற்று நீளம், ஒப்புக்கொள்கிறேன்.

கணிமைச் சொல்லை அப்படியே விட்டு, உயிரியல் பக்கத்தில் 'ஜோடி' என்று எழுதிவிடலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். மேலே நானே என்னை அறியாமல் இரண்டு முறை அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.