சங்கீதம் 90:1: ‘மாஓன்’ அடைக்கலமா, வாசஸ்தலமா?

எபிரெயம் படித்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள். வேதாகமத்தின் சங்கீதம் 90:1-இல் எபிரெய மூலச்சொல் ‘மாஓன்’, அதாவது தங்குமிடம். உபாகமம் 26:15-இல் இதையே நம் பழைய மொழிபெயர்ப்பு ‘வாசஸ்தலம்’ என்கிறது. சங்கீதம் 91:9-இல் ‘தாபரம்’. எரேமியா 9:11-இல் குள்ளநரிகளின் இருப்பிடத்துக்கும் இதே சொல்தான் (அங்கே நம் வேதாகமத்தில் வலுசர்ப்பம் என்று இருக்கும், அது தனிக் கதை). ஆனால் 90:1-இல் மட்டும் ‘அடைக்கலமானவர்’.

91:9-ஐப் பார்த்தால் சிக்கல் இன்னும் தெளிவாகும். அங்கே ‘அடைக்கலம்’ என்று வருவது ‘மாஓன்’ அல்ல, ‘மஹ்ஸே’ என்கிற வேறு சொல். ஒத்தவாக்கிய அகராதியில் (ஒரு சொல் வரும் வசனங்களைத் தொகுத்துத் தரும் நூல்) தமிழ்ச்சொல்லை மட்டும் வைத்துத் தேடுபவர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்.

‘அடைக்கலம்’ எங்கிருந்து வந்தது? இரண்டு வழிகள் தெரிகின்றன. செப்துவசிந்தா (எபிரெய வேதத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு) 90:1-இல் ‘கதஃபுகே’, அதாவது புகலிடம் என்கிறது. சில எபிரெயக் கையெழுத்துப் பிரதிகளில் ‘மாஓஸ்’ (அரண்) என்று இருக்கிறது. ‘மாஓன்’ முடியும் இறுதி நூன், ‘மாஓஸ்’ முடியும் சாயின் என்ற எபிரெய எழுத்துகள் பார்வைக்கு நெருக்கமானவை, பிரதி எழுதியவர் ஒன்றை மற்றொன்றாக எழுதியிருக்கலாம். ஆனாலும் ‘மாஓன்’தான் மூலபாடம் என்றே எனக்குப் படுகிறது. நிலையான வீடில்லாமல் வனாந்தரத்தில் அலைந்த மோசேயின் ஜெபம் என்ற தலைப்போடு அது நன்றாகப் பொருந்துகிறது.

கேள்வி இதுதான்: கிரேக்கத்தைச் சாராமல், எபிரெயத்திலேயே ‘மாஓன்’ புகலிடம் என்ற பொருளில் வரும் வசனம் உண்டா? 71:3-ஐக் காட்ட வேண்டாம், அங்கேயும் இதே பாடபேதம் (பிரதிகளுக்கிடையே ‘மாஓன்’/‘மாஓஸ்’ வேறுபாடு) இருக்கிறது. அகராதிப் பெயரும் பக்க எண்ணும் சேர்த்துச் சொன்னால் சரிபார்க்க வசதி.