சிறு ஆலைகளில் டிஜிட்டல் மீட்டரைக் கட்டாயமாக்கலாமா?

கோட்டையூர் மில்காரர்:
பெரிய ஆலைகளின் எரிசக்திச் செலவுக்கு, 2001ஆம் ஆண்டின் எரிசக்தி சேமிப்புச் சட்டத்தின் கீழ் 2012 முதல் இலக்கு விதிக்கப்படுகிறது. நம் காரைக்குடி வட்டாரத்துச் சிறு நூற்பாலைகளும் அரிசி ஆலைகளும் அதற்குள் வருவதில்லை. ஆகவே, மானியத்தில் இயந்திரம் வாங்கும் ஒவ்வோர் ஆலையும் இயந்திரவாரியாக டிஜிட்டல் மீட்டர் பொருத்தி, அந்தக் கணக்கை அரசிடம் தர வேண்டும் என்று விதி வகுக்கக் கோருகிறேன். மாதக் கடைசியில் வரும் ஒற்றை பில்லில் எதுவும் புலப்படாது. எங்கள் மில்லில் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசருக்குத் தனி மீட்டர் வைத்த பிறகுதான், ஷிப்ட் இல்லாத இரவிலும் குழாயில் கசியும் காற்றை ஈடுகட்ட அது விட்டுவிட்டு ஓடுவது தெரிந்தது. 2024இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, துணி உள்ளிட்ட பொருள்களுக்குப் படிப்படியாக, பொருளின் தயாரிப்பு விவரம் அடங்கிய டிஜிட்டல் சான்று கேட்கப்படும். அன்று கணக்கில்லாமல் நிற்க முடியாது.

ஆத்தங்குடி பட்டறைக்காரர்:
ஐயா சொல்வது மின்சாரத்தை விழுங்கும் ஆலைக்குப் பொருந்தும். நாங்கள் பூக்கல் எனப்படும் தரைக்கல் செய்கிறவர்கள். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் கலந்த உலர்கலவையைத் தூவி, சாந்து பூசி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து உலர்த்துகிறோம். எங்களுக்குச் சூளையே கிடையாது. இங்கே மீட்டர் எதை அளக்கும்? பூக்கல்லின் கார்பன் சுமை பெரும்பாலும் நாங்கள் வாங்கும் சிமெண்டிலேயே இருக்கிறது. சிமெண்ட் தயாரிப்பில் வெளியாகும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல், சுண்ணாம்புக்கல் சூட்டில் சிதைவதாலேயே வருகிறது. கருவியின் விலை, மாதச் சந்தா, விற்ற நிறுவனம் மூடிவிட்டால் மூலையில் கிடக்கும் பெட்டி, இவையெல்லாம் எங்கள் தலையில்தான் விழும். 2022இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு ஏறத்தாழ 6.2 கோடி டன். அதில் முறையாக மறுசுழற்சிக்குப் போனது கால் பங்குக்கும் குறைவு.

தேவகோட்டை வாசகி:
அளந்த பிறகு என்ன செய்வது என்பதை இருவருமே தொடவில்லை. நீராவி எந்திரத்தின் திறன் கூடக்கூட நிலக்கரிச் செலவும் கூடுகிறது என்று ஆங்கிலப் பொருளியலாளர் ஜெவன்ஸ் 1865இலேயே எழுதினார். மிச்சப்படும் பணத்தில் மில் கூடுதல் நூற்புக் கதிர்களை ஓட்டினால், மொத்த மின் பயன்பாடு ஏறவே செய்யும். இத்தகைய கணக்குகளைச் சேமிக்கும் உலகின் தரவு மையங்களும் 2024இல் ஏறத்தாழ 41,500 கோடி யூனிட் மின்சாரத்தைச் செலவிட்டதாகச் சர்வதேச எரிசக்தி முகமை மதிப்பிடுகிறது. மொத்தப் பயன்பாட்டுக்கு உச்சவரம்பு விதிக்காமல் மீட்டரை மட்டும் கட்டாயமாக்குவது வீண் என்பதே என் உறுதியான கருத்து.

கோட்டையூர் மில்காரர்:
பூக்கல் பட்டறைகளுக்கு விலக்குத் தரலாம். இணைப்புப் பளுவை, அதாவது ஆலையின் மின் இணைப்புக்கு அனுமதித்த அளவை வைத்து வரம்பு போட்டால் போதும். உச்சவரம்பை மட்டும் ஏற்க மாட்டேன், அம்மா. நாங்கள் மறுக்கும் ஆர்டர், பழைய இயந்திரம் ஓடும் வேறோர் ஊருக்குத்தான் போகும். ஒரு கிலோ நூலுக்கு இத்தனை யூனிட் என்ற இலக்கே நியாயமானது.

ஆத்தங்குடி பட்டறைக்காரர்:
விலக்கு மட்டும் எங்களுக்குப் போதாது. எந்த நிறுவனத்தின் மென்பொருளும் படிக்கக்கூடிய மீட்டரைப் பொருத்தினால்தான் மானியம் என்று விதியிலேயே எழுத வேண்டும். மானியத்தில் எங்களுக்கான பங்கைச் சிமெண்டுப் பக்கம் திருப்ப வேண்டும்: அடிக்கலவையில் சிமெண்டைக் குறைத்து எவ்வளவு நிலக்கரிச் சாம்பல் சேர்த்தால் கல் வெடிக்காமல் நிற்கும் என்று, குறைந்த கட்டணத்தில் சோதித்துச் சொல்லும் கூடம் ஒன்றைக் காரைக்குடியில் திறக்கட்டும்.