இந்த கேடிஸ் ஈ புதிய இனம்தானா? உதவி தேவை

வணக்கம். பழனி மலை ஓடையருகே வைத்த விளக்குப் பொறியில் சிக்கிய மூன்று ஆண் கேடிஸ் ஈக்கள் (caddisfly, அந்துப்பூச்சி போல இருக்கும் நீரோரப் பூச்சி) இதுவரை வெளியான எந்த இன விவரிப்போடும் ஒத்துவரவில்லை. பேரினம் கிமாரா (Chimarra), அதில் சந்தேகமில்லை. வயிற்று நுனியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் தெளியவைத்து, பிறப்புறுப்பைப் பக்கவாட்டிலும் மேலிருந்தும் வரைந்துவிட்டேன். இனம் பிரிக்க அதுதானே வழி. இறக்கையை நம்பினால் அம்போதான்!

இலங்கை இனங்களோடு ஒப்பிடாமல் புதிது என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. பூச்சியியலாளர் ஃபெர்னான்ட் ஷ்மித் 1958இல் வெளியிட்ட இலங்கை கேடிஸ் ஈக்கள் பற்றிய ஆய்வு யாரிடமாவது இருக்கிறதா? பிரெஞ்சில் இருக்கும். கிமாரா பக்கங்கள் மட்டும் போதும், படித்துச் சொல்ல ஆள் கிடைத்தால் இன்னும் நல்லது.

அப்புறம், அதே இரவு விழுந்த பெண் பூச்சிகளை டிஎன்ஏ பார்க்காமல் இந்த இனத்தோடு சேர்க்கலாமா? எனக்கு மனம் ஒப்பவில்லை.