மண்டபத்தில் தீவனம் தின்னும் மீனுக்கு இறகுத் தூண்டிலா?

சமையல்கட்டு:
சீஷெல்ஸ் தீவுகளில் தூண்டில்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் ஆறு ஆண்டுகள் சமைத்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். அங்கே வருகிறவர்கள் ஒரே ஒரு மீனுக்காக ஒரு வாரம் வெயிலில் காய்வார்கள். வெறுங்கையோடு போவார்கள். மறு ஆண்டும் பணம் கட்டி வருவார்கள். அந்த மீனின் பெயர் பெர்மிட். புளோரிடா, பெலிஸ், மெக்சிகோ பக்கம் இருப்பது ஓர் இனம். நம் பெருங்கடலில் இருப்பது அதன் பங்காளி. நாம் சில்வர் பொம்பானோ என்கிறோமே, அதேதான்.

என் கேள்வி இதுதான். நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் அரியமான், தேவிபட்டினம் பக்கம் முழங்கால் தண்ணீரில் இந்த இறகுத் தூண்டிலை, அதாவது பொய் இரையை வீசிப் பிடிப்பதை, ஒரு தொழிலாக நடத்தினால் என்ன? மீனைப் பிடித்து உயிரோடு விட்டுவிடுவது. ஒரு விருந்தாளிக்கு ஒரு படகோட்டி. பெலிஸ் நாட்டில் 2009இலேயே பெர்மிட்டைப் பிடித்தால் விட்டுவிட வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார்கள். சந்தைக்குப் போகும் மீன் ஒரு முறைதான் காசு தரும்.

நண்டுவலை:
அண்ணே, விட்டுவிடுவதற்கு ஏன் பிடிக்க வேண்டும்? பசிக்குப் பிடிப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. வாயில் முள்ளைக் குத்தி, அரை மணி நேரம் இழுத்தடித்து, போட்டோ எடுத்துக்கொண்டு, "போய் வா" என்று அனுப்புவதை எங்கள் அப்பா பார்த்தால் தூண்டிலை ஒடித்துப் போடுவார்.

வடகடல் வாத்தியார்:
இதில் ஒரு வேடிக்கையை யாரும் சொல்லவில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையத்தில் 2011இல் இந்தப் பொம்பானோவைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு பொரித்துவிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு கடல் விறால் (கோபியா) மீனை. இன்று கூண்டிலும் குளத்திலும் வளர்க்கிறார்கள். தீவனத்தைத் தூவினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்து தின்கிறது. உலகத்திலேயே ஏமாற்ற முடியாத மீன் என்று வெள்ளைக்காரன் கும்பிடும் மீன் இதுதானா?

சமையல்கட்டு:
இதுதான் ஐயா. தொட்டியில் பிறந்தது மனித நிழலைச் சோறு என்று நினைக்கிறது. கடலில் பிறந்தது அதே நிழலைக் கண்டால் ஓடிவிடுகிறது. அந்த வித்தியாசத்துக்குத்தான் காசு கொடுக்கிறார்கள்.

ஒரு நாள் விடுப்பில் ஒரு வழிகாட்டியோடு போனேன். தண்ணீர் முழங்காலுக்கும் கீழே. முதலில் தெரிந்தது மீனே அல்ல, ஒரு கறுத்த வால். கவட்டை போல் பிளந்து தண்ணீருக்கு மேலே நின்று ஆடியது. தலை கீழே, மணலைக் குடைந்து நண்டு தேடுகிறது. வாயில் பெரிய பல் கிடையாது, தடித்த உதடு. நண்டின் ஓட்டை நொறுக்குவதெல்லாம் தொண்டைக்குள் இருக்கும் தட்டுகள். இறகுத் தூண்டிலில் இரையும் இல்லை, ஈயக்குண்டும் இல்லை. எடை முழுவதும் தடித்த நூலில்தான். அந்த நூலைக் காற்றில் முன்னும் பின்னும் வீசி, நூலிழையால் கட்டிய பொய் நண்டை மீனுக்கு முன்னால் இறக்க வேண்டும். தலையில் விழுந்தால் ஓடிவிடும். தூரத்தில் விழுந்தால் பார்க்காது. சரியாக விழுந்தது. மீன் வந்தது. மூக்கை அதன் மேல் வைத்து நின்றது. நான் கோலைத் தூக்கிவிட்டேன். அங்கேதான் தப்பு. கோலைத் தூக்கினால் பொய் நண்டு மேலே பறந்துவிடும். நூலைக் கையால்தான் இழுக்க வேண்டும். மீன் போய்விட்டது. மூன்று நாள் தூக்கம் வரவில்லை. டெல் பிரவுன் என்ற அமெரிக்கர் தன் வாழ்நாளில் இப்படி 500க்கும் மேல் பிடித்தவர். எனக்கு ஒன்றுகூட இல்லை.

கடற்புல்:
கடல் ஆய்வு மாணவன் என்ற முறையில் சில விஷயங்கள். முதலில் இடம். தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. பவளப்பாறையும் தெளிந்த தண்ணீரும் அங்கே இருக்கின்றன, ஆனால் தூண்டிலோடு காலே வைக்க முடியாது. மிஞ்சுவது வடகடல், அதாவது பாக் விரிகுடா. வாடை அடிக்கும் மாதங்களில் அது காப்பித்தண்ணீர். இந்த ஆட்டத்துக்கு மீனைக் கண்ணால் பார்க்க வேண்டும். மாசி, பங்குனியில் சில காலைகள் கிடைக்கலாம்.

இரண்டாவது, ஓதம். இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர்கூட வித்தியாசம் இல்லை. திட்டுகள் நிறைந்து வடியும் இடங்களில் மீன் எந்த நேரத்தில் எந்த வழியாக வரும் என்று கணக்குப் போடலாம். இங்கே அந்தக் கணக்கு நிற்காது. மூன்றாவது, கடற்புல். முழங்கால் தண்ணீரில் தினமும் பத்துப் பேர் நடந்தால் புல் மிதிபடும்.

உயிரோடு விடுவதைப் பற்றி நண்டுவலை கேட்டது சரியான கேள்வி. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. களைத்துப்போன மீன் நீந்திப் போவது போலத் தெரியும், பிறகு சாகும். கொக்கியில் எதிர்முள் இருக்கக் கூடாது, மீனைத் தண்ணீருக்கு வெளியே எடுக்கக் கூடாது, சீக்கிரம் முடிக்க வேண்டும். அப்படியும் எல்லாம் பிழைத்துவிடும் என்று சொல்ல மாட்டேன்.

பாசிக்காரி மகள்:
மீன் பிழைப்பதைப் பற்றி இவ்வளவு கவலை. என் அம்மா பாம்பன் சின்னப்பாலத்தில் இருந்து தீவுப் பக்கம் போய் மூழ்கிப் பாசி எடுத்தவர். கையில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி. பூங்கா என்றான பிறகு அவர் அந்தத் தண்ணீரில் இறங்கினால் குற்றவாளி. வடகடலிலும் நாளைக்கு விருந்தாளிகளுக்காக என்று ஒரு பலகை நட்டால் நாங்கள் எங்கே போவது? விருந்தாளி வருகிறார் என்றால் முதலில் வீட்டுக்காரரைத்தான் வெளியே நிற்கச் சொல்வார்கள்.

சமையல்கட்டு:
சகோதரி, இதற்கு என்னிடம் பதில் இல்லை. பலகை நடும் யோசனையே எனக்கு வரவில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

பாசிக்காரி மகள்:
உங்களுக்கு வராது. பணம் போடுகிறவருக்கு வரும்.

நண்டுவலை:
அந்த வால் கதையை இரண்டு முறை படித்தேன். உண்மையைச் சொன்னால், அந்த வாலை நானும் பார்த்திருக்கிறேன். திருக்கை மணலைக் கிளறிக்கொண்டு போகும், பின்னாலேயே ஒரு கலங்கல் கோடு. அந்தக் கலங்கலில் இரண்டு பாரை ஒட்டிக்கொண்டே வரும், திருக்கை கிளப்பிவிடும் நண்டைப் பொறுக்க. நான் நண்டு வலை இழுக்கும்போது பார்ப்பது. அண்ணன் சொன்னது இதுதானே?

சமையல்கட்டு:
அதேதான்! சீஷெல்ஸ் வழிகாட்டிகளும் முதலில் திருக்கையைத்தான் தேடுவார்கள். தம்பி, எந்த இடம்?

நண்டுவலை:
இடத்தை இங்கே எழுத நான் என்ன முட்டாளா?

வடகடல் வாத்தியார்:
ஆக, வழிகாட்டி கிடைத்துவிட்டார்.

நண்டுவலை:
வாத்தியார் ஐயா, நான் சம்மதிக்கவில்லை. விடுதி, பலகை, கம்பெனி என்று எதுவும் வேண்டாம். அண்ணன் ஒருவர் மட்டும் மாசியில் கடல் தணிந்ததும் வரட்டும், என் வத்தையில் ஏற்றிக்கொள்கிறேன். வலை கிடக்கும் இடத்தைக் காட்டுவேன், அந்தப் பக்கம் நூல் வீசக் கூடாது. காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும்; திருக்கை முள் ஏறினால் அன்றைய பிழைப்பு போய்விடும், எனக்கும் சேர்த்து. நாள் கூலி முன்கூட்டியே.

வடகடல் வாத்தியார்:
மீன் கிடைத்தால்? விட்டுவிடுவதாக ஒப்பந்தமா?

நண்டுவலை:
அவர் தூண்டிலில் மாட்டினால் அவர் விட்டுக்கொள்ளட்டும். என் வலையில் விழுந்தால் அது என் வீட்டுக் குழம்புக்கு.