பூட் ஆனதும் டேட்டாபேஸ் தானாகக் கிளம்புகிறதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அம்பத்தூர் டிபிஏ

மழைக்காலம் வருகிறது, அதற்குள் இதைப் பேசிவிடலாம் என்று தோன்றியது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையின் ஸ்டாக் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். ராக்கி லினக்ஸ் (ரெட்ஹேட் வகை ஓஎஸ்), மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ். போன பருவமழையில் ராத்திரி கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் தீர்ந்து, கரண்ட் வந்ததும் சர்வர் தானாக ஆன் ஆகியிருக்கிறது. காலை ஷிப்டில் ஸ்டோர்ஸ்காரர் போன் செய்தார்: "சார், சாஃப்ட்வேர் உள்ள போக மாட்டேங்குது, ஆக்சஸ் டினைடுன்னு வருது."

போய்ப் பார்த்தால் சர்வீஸ் பச்சையில் 'ஆக்டிவ்'. எனேபிளும் (பூட்டில் தானாகக் கிளம்பும் அமைப்பு) ஆகித்தான் இருக்கிறது. எந்த டிஸ்க் எந்த டைரக்டரியில் இணைந்திருக்கிறது என்று காட்டும் மவுன்ட் பட்டியலைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது: தரவு இருக்கும் இரண்டாவது டிஸ்க் மவுன்ட் ஆகவே இல்லை. பூட்டில் எந்தெந்த டிஸ்கை மவுன்ட் செய்ய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் அதற்கு 'நோஃபெயில்' போட்டிருந்ததால் பூட் அதற்காக நிற்கவில்லை. ஆரக்கிள் தரும் ஆர்பிஎம் பேக்கேஜ் வழியாக வரும் மைஎஸ்க்யூஎல், தரவு டைரக்டரி காலியாக இருந்தால் இப்போதுதான் இன்ஸ்டால் செய்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளும். புதிதாக ஒரு காலி டேட்டாபேஸை உருவாக்கி, புது ரூட் பாஸ்வேர்டை லாகில் எழுதிவிட்டு ஓட ஆரம்பித்துவிடும். அதுதான் நடந்திருந்தது.

சர்வீஸை நிறுத்தி, டிஸ்கை மவுன்ட் செய்து, மறுபடி ஸ்டார்ட் கொடுத்தேன். பழைய தரவு அப்படியே இருந்தது. ஆனால் பதற்றத்தில் யாராவது அந்தக் காலி டேட்டாபேஸில் பேக்கப்பை ஏற்றி வேலையைத் தொடர்ந்திருந்தால்? அடுத்த ரீபூட்டில் டிஸ்க் ஒழுங்காக மவுன்ட் ஆகி, இடையில் போட்ட என்ட்ரி எல்லாம் அதற்கு அடியில் மறைந்துபோயிருக்கும். இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு படபடக்கிறது.

அன்றே, சர்வீஸ் அமைப்பைத் தனிக் கோப்பில் மாற்றும் 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' கமாண்டைக் கொடுத்து, யூனிட் பகுதியில் 'ரிக்வயர்ஸ்மவுன்ட்ஸ்ஃபார்' என்ற வரியில் தரவு டைரக்டரியின் பாதையைச் சேர்த்தேன். இனி டிஸ்க் இல்லாவிட்டால் மைஎஸ்க்யூஎல் கிளம்பாது. கிளம்பாமல் நின்றால் போன் வரும், தரவு குழம்பாது. பேக்கேஜோடு வந்த சர்வீஸ் கோப்பில் நேரடியாகக் கை வைக்காதீர்கள், அடுத்த அப்டேட்டில் போய்விடும்.

கிண்டி வாசி

எங்கள் ஆபீஸில் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ். ரீபூட்டுக்குப் பிறகு சர்வருக்குள்ளிருந்து கனெக்ட் ஆகும், மற்ற மெஷின்களிலிருந்து ஆகாது. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். எல்லோரும் ஃபயர்வாலையே சந்தேகப்பட்டார்கள். லாகைத் திறந்தால், லேன் ஐபி வருவதற்கு முன்பே போஸ்ட்கிரஸ் கிளம்பியிருந்தது. கனெக்‌ஷனுக்காகக் காத்திருக்க வேண்டிய முகவரிகளில் லோக்கல்ஹோஸ்ட் (அதே மெஷின்) கிடைத்துவிட்டதால், மற்றதற்கு ஒரு எச்சரிக்கை மட்டும் எழுதிவிட்டு ஓடிக்கொண்டிருந்தது. சர்வீஸ் அமைப்பில், நெட்வொர்க் தயாரான கட்டத்தைக் குறிக்கும் 'நெட்வொர்க்-ஆன்லைன்' டார்கெட்டை 'ஆஃப்டர்', 'வான்ட்ஸ்' இரண்டிலும் போட்ட பிறகு தொந்தரவு இல்லை. 'ஆஃப்டர்' வரிசையை மட்டும்தான் சொல்லும், அந்த டார்கெட்டை இழுத்து வராது. இரண்டும் வேண்டும்.

பாரிமுனை

கரண்ட் திடீரென்று போனால் இன்னொன்றையும் கவனியுங்கள். திரும்ப எழும்போது போஸ்ட்கிரஸ் கிராஷ் ரிகவரி (பாதியில் நின்றதைச் சரிசெய்தல்) செய்யும், பெரிய டேட்டாபேஸில் அதற்கு நேரம் பிடிக்கும். சர்வீஸ்களைக் கிளப்பும் சிஸ்டம்டியின் வழக்கமான கெடு 90 வினாடி. அதற்குள் தயார் என்று சொல்லாவிட்டால் பாதியிலேயே கொன்றுவிடும். சர்வீஸ் பகுதியில் டைம்அவுட்டை 'இன்ஃபினிட்டி' என்று வைக்கச் சொல்லி போஸ்ட்கிரஸ் ஆவணத்திலேயே இருக்கிறது.

புது அட்மின், வேளச்சேரி

அண்ணா, ஒரு சந்தேகம். உபுண்டுவில் நான் எனேபிள் கொடுக்கவே இல்லை, போஸ்ட்கிரஸ் தானாக வருகிறது. ராக்கியில் ஏன் வரவில்லை?

அம்பத்தூர் டிபிஏ

டெபியன், உபுண்டு பேக்கேஜ்கள் இன்ஸ்டால் ஆகும்போதே எனேபிள் செய்துவிடும் தம்பி. ரெட்ஹேட் வகையில் போஸ்ட்கிரஸுக்கு முதலில் இனிட்டிபி (டேட்டாபேஸ் கோப்புகளை உருவாக்கும் கமாண்ட்), பிறகு எனேபிள், இரண்டும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். ஸ்டார்ட் இப்போதைக்கு மட்டும், எனேபிள் அடுத்த பூட்டிலிருந்து. 'எனேபிள்' உடன் 'நவ்' சேர்த்தால் இரண்டும் ஒரே கமாண்டில் முடியும். முடித்ததும் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து ஒரு ரீபூட் கொடுத்து, வேறு மெஷினிலிருந்து ஒரு டேபிளைப் படித்துப் பாருங்கள். பச்சை விளக்கை மட்டும் நம்ப வேண்டாம்.