நார்வேயிலிருந்து வந்த வாசகர்கள்: தளப் புள்ளிவிவரங்கள் உங்களை ஏமாற்றிய அனுபவம் உண்டா?

முதல் பதிவு, திருச்சிராப்பள்ளி

யாப்பிலக்கணப் பாடங்களுக்காக 2007-இல் தொடங்கிய ஒரு சிறு தளத்தை இன்றும் நடத்தி வருகிறேன். வருவோர் எந்த இயங்குதளத்தில், எந்த உலாவியில், எந்தத் தேடுபொறி வழியாக வருகிறார்கள் என்பதை மாதந்தோறும் ஒரு நோட்டில் குறித்து வைப்பது என் வழக்கம். சென்ற வாரம் அந்த நோட்டைப் புரட்டியபோது, எண்களைச் சரியாக எழுதிவிட்டு முடிவுகளைத் தவறாக எழுதியிருப்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிந்தது. கூச்சப்படாமல் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் ஆண்டு நோட்டில் விண்டோஸ் எக்ஸ்பி, இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6, கூகுள் ஆகிய மூன்றையும் எழுதினால் ஏறத்தாழ எல்லோரும் அடங்கிவிடுவார்கள். ஃபயர்பாக்ஸில் வந்தவர்கள் சிலரே. அவர்களும் ஒரு பக்கத்துக்கு மேல் நிற்கவில்லை. "ஃபயர்பாக்ஸ்காரர்களுக்கு இலக்கணத்தில் ஆர்வமில்லை" என்று நானே என் கைப்பட எழுதியிருக்கிறேன். உண்மையில் குற்றம் என்னுடையது. பத்திகள் அச்சுப் புத்தகம் போல இருபுறமும் சீராக நிற்க வேண்டும் என்று நான் அமைத்திருந்தேன். அந்த அமைப்பைக் கண்டால் அன்றைய ஃபயர்பாக்ஸ் தமிழ் எழுத்துகளைப் பிரித்துப் போட்டுவிடும், கொம்பு ஒருபுறம், கால் ஒருபுறமாக. வாசகர் ஒருவர் தம் திரையைப் படம் பிடித்து அனுப்பிய பிறகுதான் என் பாடம் அவர்களுக்கு எப்படிக் காட்சியளித்தது என்று பார்த்தேன். 2008 ஜூனில் ஃபயர்பாக்ஸ் 3 வந்தபின் அந்தக் குறை நீங்கியது. ஃபயர்பாக்ஸ்காரர்களுக்கு இலக்கண ஆர்வமும் வந்துவிட்டது.

அடுத்தது இதைவிடப் பெரிய கூத்து. 2009 முதல் என் தளத்துக்கு நார்வே நாட்டிலிருந்து வருகைகள் மாதந்தோறும் ஏறிக்கொண்டே போயின. ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்த தமிழர் அங்கே கணிசமாக வாழ்கிறார்கள் என்பதால் எனக்கு ஐயமே எழவில்லை. அடுத்த தைப் பொங்கலுக்கு முகப்புப் பக்கத்தில் நார்வே வாழ் உறவுகளுக்கென்று தனி வாழ்த்தே போட்டேன். அதைப் பார்த்துவிட்டு மணப்பாறையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர், தாம் நோக்கியா கைப்பேசியில் ஓபரா மினி என்ற உலாவி வழியாகப் படிப்பதாகவும், உள்ளூர்க்காரர்களுக்கு வாழ்த்து கிடையாதா என்றும் எழுதினார். அவர் வந்த நேரத்தைக் கேட்டு வழங்கியின் (சர்வரின்) பதிவுக் கோப்பில் தேடினால், அந்த நிமிடத்தில் வந்திருந்த ஒரே வாசகர் நார்வேக்காரர்! ஓபரா மினி பக்கத்தை நேரடியாகக் கைப்பேசிக்குக் கொண்டுவருவதில்லை. ஓஸ்லோவைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த நிறுவனத்தின் வழங்கி பக்கத்தை வாங்கி, சுருக்கி, பிறகு கைப்பேசிக்கு அனுப்பும். ஆகவே என் பதிவேட்டில் விழுந்தது இடைத்தரகரின் முகவரி. அந்த மாணவரே இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார்: முகவரிப் பட்டையில் அமைப்புப் பக்கத்தை வரவழைத்து, சிக்கலான எழுத்துகளுக்குப் படவடிவ எழுத்துருவைப் பயன்படுத்தச் சொல்லும் கடைசி வரியில் "ஆம்" என்று மாற்றினால், தமிழே தெரியாத கைப்பேசியிலும் தமிழ் படமாக வந்து நிற்கும். அந்தக் குறிப்பைத் தளத்தில் வெளியிட்டேன். "நார்வே" மேலும் ஏறியது.

மூன்றாவதாக, லினக்ஸ். 2011 முதல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் இருந்தது. என் கணக்கில் லினக்ஸ் ஏறத் தொடங்கியதும் இரண்டையும் முடிச்சுப் போட்டு மகிழ்ந்தேன். நான் வைத்திருந்த பழைய கணக்கிடும் நிரலுக்கு ஆண்ட்ராய்டு என்ற பெயரே தெரியாது என்பதும், ஆண்ட்ராய்டு உலாவி தன்னை அறிவிக்கும் வரியில் "லினக்ஸ்" என்ற சொல் வருவதால் எல்லாக் கைப்பேசிகளையும் அது அந்தக் கட்டத்தில் கொட்டியது என்பதும் பின்னர்தான் விளங்கின. 2017 மார்ச்சில் உலக இணையப் பயன்பாட்டில் ஆண்ட்ராய்டு 37.93 விழுக்காட்டுடன் விண்டோஸை (37.91) முந்தியதாக இணையப் புள்ளிவிவர நிறுவனமான ஸ்டாட்கவுன்டர் அறிவித்தபோது பலர் வியந்தார்கள். என் தளத்தில் அது எப்போதோ நடந்து முடிந்திருந்தது, வேறு பெயரில்.

மறுமொழி, சென்னை

நான் ஓர் அலுவலகத்தின் மின் ஒப்பந்தப்புள்ளித் தளத்தைப் பராமரித்தவன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். டிஜிட்டல் கையொப்ப டோக்கனைச் செருகி ஒப்பமிட வேண்டியிருந்ததால், தளம் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டுமே இயங்கும்படி எழுதப்பட்டிருந்தது. குரோம் உலகெங்கும் முதலிடத்துக்கு வந்து ஆண்டுகள் ஆன பின்னும், எங்கள் காலாண்டு அறிக்கையில் எக்ஸ்புளோரர்தான் ஏறத்தாழ முழுவதும். "நம் ஒப்பந்ததாரர்கள் எல்லோரும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள், மாற்றுவதற்கு எதற்குச் செலவு?" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் மேலதிகாரி அந்த அறிக்கையையே தூக்கிக் காட்டுவார். வேறு உலாவியில் வந்தவர்களுக்கு "எக்ஸ்புளோரரில் திறக்கவும்" என்ற ஒற்றை வரிப் பக்கம் காட்டப்பட்டது; கணக்கிடும் நிரலை அந்தப் பக்கத்தில் யாரும் சேர்க்கவில்லை. வாசலிலேயே திருப்பி அனுப்பியவர்களை எண்ணாமல், உள்ளே இருப்பவர்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தோம். ஒருநாள் வழங்கியின் மூலப் பதிவேட்டிலிருந்து அந்த ஒற்றை வரிப் பக்கத்தின் வருகைகளை எடுத்து மேசைமேல் வைத்த பிறகுதான் பேச்சு மாறியது.

2022 ஜூன் 15-இல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்புளோரருக்கு விடை கொடுத்தது. இருந்தும் அது எங்கள் அறிக்கையில் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. எட்ஜ் உலாவியில் பழைய தளங்களுக்கென்று உள்ள எக்ஸ்புளோரர் பயன்முறை, தன்னை எக்ஸ்புளோரர் 11 என்றே அறிவித்துக்கொள்கிறது. செத்தவர் பெயரில் ரேஷன் வாங்குவது போலத்தான்.

மறுமொழி, யாழ்ப்பாணம்

ஐயாவின் நோர்வே வாசகர்களைப் பற்றி வாசித்து வாய்விட்டுச் சிரித்தேன். எங்களுக்கு உண்மையாகவே நோர்வே வாசகர்கள் உண்டு. ஊர் வரலாறு, பழைய நிழற்படங்கள், மரண அறிவித்தல்கள் ஆகியவற்றைச் சேர்த்து வைக்கும் இணையத்தளம் எங்களுடையது. கனடாவிலும் ஐரோப்பாவிலும் உள்ள வயது முதிர்ந்தவர்கள்தான் அதிகம் வாசிக்கிறார்கள். பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த ஐபேட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசிப்பவர்கள். 2019-இன் இறுதியில் ஐபேட் வருகைகள் சரிந்து, மேக் கணினிகள் திடீரென்று உயர்ந்தன. எண்பது வயது அம்மாமார் எல்லோரும் ஒரே மாதத்தில் மேக் கணினி வாங்கினார்களா என்று எங்கள் குழுவில் கேலியாகப் பேசிக்கொண்டோம். அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த ஐபேட் ஓஎஸ் 13-இலிருந்து, அதன் சஃபாரி கணினிக்குரிய பக்கத்தைப் பெறுவதற்காகத் தன்னை மேக் என்று அறிவிக்கிறது என்பதே காரணம். அதனை அறியாமல், கணினிப் பார்வையாளர் கூடிவிட்டனர் என்று எண்ணி எழுத்தளவை ஒரு படி குறைத்திருந்தோம். லண்டனிலிருந்து ஒரு பெரியவர் தொலைபேசியில் ஏசிய பிறகு திரும்பப் பெரிதாக்கினோம்.

மறுமொழி, கோயம்புத்தூர்

சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் தளத்தில் தேடுபொறி வருகைகள் குறைந்து "நேரடி வருகை" பெருகியபோது, மக்கள் முகவரியை மனப்பாடமாகத் தட்டச்சு செய்து வருகிறார்கள் என்று பெருமைப்பட்டோம். எல்லாம் வாட்ஸ்அப் குழுக்களில் பகிரப்பட்ட இணைப்புகள். அங்கிருந்து வருபவர்கள் எங்கிருந்து வந்தோம் என்று சொல்வதில்லை.

மீண்டும் திருச்சிராப்பள்ளி

தேடுபொறி என்றதும் ஓர் இழப்பைச் சொல்ல வேண்டும். ஒருவர் கூகுளில் தேடி வந்தால் அவர் தேடிய சொல்லும் பதிவேட்டிலேயே வந்து விழுந்த காலம் ஒன்று இருந்தது. தமிழ்ச் சொல் விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாக, ஓர் எழுத்துக்குக் குறைந்தது ஒன்பது குறிகள் வீதம் நீண்டு கிடக்கும். இரவில் உட்கார்ந்து அதை மீண்டும் தமிழாக்குவேன். "நேர் நேர்" என்று மட்டும் தேடி, அது தேமாவா புளிமாவா என்று தெரியாமல் தவித்தவர்கள் அத்தனை பேர் என்பது அப்படித்தான் தெரிந்தது. அவர்களுக்காகவே வாய்பாட்டுப் பக்கத்தைத் தனியாக எழுதினேன். 2011 அக்டோபரில், கணக்கில் நுழைந்திருப்போரின் தேடல்களைக் கூகுள் மறைக்கத் தொடங்கியது. 2013-இல் ஏறத்தாழ எல்லாமே மறைந்தன. தேடுபவரின் அந்தரங்கம் காக்கப்படுவது சரிதான், எனக்கு அதில் வழக்கில்லை. இப்போது தளம் நடத்துவோருக்கான கூகுளின் சர்ச் கன்சோல் என்ற கருவி சொற்களைத் தருகிறது. ஆனால் மிகச் சிலரே தேடும் சொற்களை மறைத்துவிடுகிறது. கலித்தளைக்கு எடுத்துக்காட்டு தேடுபவர் எப்போதும் மிகச் சிலரே.

இந்த மாத நோட்டில் ஒரு வரி எழுத முடியாமல் நிற்கிறது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால், என் வாசகர்களில் எத்தனை பேர் 11-க்கு மாறியிருக்கிறார்கள் என்று எழுத எண்ணினேன். இரண்டு பதிப்புகளுமே உலாவியின் அறிவிப்பு வரியில் 10.0 என்றுதான் வருகின்றன. குரோமும் எட்ஜும் தனியாகக் கேட்டால் விடை சொல்கின்றன என்பதால் அவற்றுக்கான கட்டங்களை நிரப்பிவிட்டேன். ஃபயர்பாக்ஸ் சொல்லாது, பழைய பழி நினைவிருக்கிறது போலும். அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன்.