ஆத்தங்கரை ரோட்டில் ஆம்புலன்ஸ்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பாமணிக்கரை:

மூன்று வருஷம் ஆகப் போகிறது. இன்னும் தூக்கத்தில் அந்தக் காரின் பின்பக்கச் சிவப்பு விளக்கு வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஐப்பசி மாதம். மாமனார் திண்ணையில் பாய் விரித்துப் படுத்திருந்தார். விடியற்காலையில் எழுந்து வயிறு வலிக்கிறது என்றார். கடிபட்ட தடம் எதுவும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் கண் கனக்கிறது என்று சொன்னதும் பக்கத்து வீட்டு அண்ணன்தான், "இது கட்டுவிரியன் மாதிரி இருக்கு, நிக்காதீங்க" என்று 108-க்குப் போன் போட்டார். வண்டி சீக்கிரமே வந்தது. நான் உள்ளே ஏறிக்கொண்டேன், வீட்டுக்காரர் பைக்கில் பின்னால்.

எங்கள் பக்கத்து ரோடு தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஒரு பக்கம் பாமணியாறு கரை தட்டி ஓடுகிறது, மறுபக்கம் பள்ளத்தில் நடவு முடிந்த வயல். மன்னார்குடியை நெருங்கும் வரை அப்படித்தான். உள்ளே இருந்த மருத்துவ உதவியாளர் தம்பி மாமாவின் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஐயா, கண்ணைத் திறங்க, என்னைப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மாமாவுக்கு எல்லாம் கேட்கிறது. கேட்கிறது என்பதற்கு விரலை அசைக்கிறார். இமையைத் தூக்கத்தான் முடியவில்லை. அந்தத் தம்பி கட்டைவிரலால் இமையை உயர்த்தினார். மாமா நேராக என்னைப் பார்த்தார். விரலை எடுத்ததும் மூடிக்கொண்டது.

அந்த நேரத்தில்தான் வண்டி நின்றது. முன்னால் ஒரு கார். சைரனைக் கேட்டுப் பதறிப்போய், இருந்த இடத்திலேயே பிரேக் போட்டு நின்றுவிட்டார் அந்த மனிதர். இடது பக்கம் ஒதுங்கிவிட்டதாக அவருக்கு நினைப்பு. ரோட்டில் பாதி அவர் கார். எதிரே முதல் டவுன் பஸ், அதுவும் நின்றுவிட்டது. அதன் பின்னால் டிராக்டர். எங்கள் பைலட், அதாவது ஆம்புலன்ஸ் டிரைவர், மைக்கில் "கார் முன்னாடி போங்க, முன்னாடி போங்க" என்று கத்துகிறார். கார்க்காரர் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, "நீங்க போங்க, நீங்க போங்க" என்று சைகை காட்டுகிறார்.

அந்தக் கையை என்னால் மறக்க முடியவில்லை. நல்ல மனசோடு நீட்டிய கை. திட்டக்கூட வாய் வரவில்லை. பஸ் கண்டக்டர் குதித்து ஓடிப்போய்ச் சொல்லி, அவர் காரை எடுப்பதற்குள் மாமாவின் விரல் அசைவது நின்றிருந்தது.

வழி விடுவது என்றால் நின்றுவிடுவது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோமா?

நெல்லு லாரி:

அக்கா, படிச்சதுலேருந்து மனசு சரியில்ல. ஆனா அந்தக் கார்க்காரர் நெலமையையும் கொஞ்சம் பாக்கணும். ஆத்தங்கரையில "ஓரமா ஒதுங்கு"ன்னு சொல்றது சுலபம்.

நான் டிபிசி-லேருந்து, அதான் நெல்லு கொள்முதல் நிலையத்துலேருந்து, குடோனுக்கு லோடு அடிக்கிறவன். 40 கிலோ சிப்பம், லாரி நெறைய. மேட்டூர் தண்ணி வந்து ஆறு ஓட ஆரம்பிச்சா கரை மண்ணு ஊறிப் போயிரும். மேல பாத்தா காஞ்ச மாதிரி இருக்கும், உள்ளுக்குள்ள களி. தை மாசம் ஒரு நாள் பின்னால சைரன். நானும் நல்லது செய்யிறதா நெனச்சு இடது பக்கம் எறக்கிட்டேன். பின் டயர் பொதக்குனு உள்ள போச்சு. வண்டி சாயுது. மேல தார்ப்பாய்க்கு மேல கிளீனர் பையன் படுத்திருந்தான். கயித்தைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குறான், அவன் கால் எனக்குக் கண்ணாடியில தெரியுது. செருப்பு ஒண்ணு கழண்டு வாய்க்கால்ல விழுந்துச்சு. ஆம்புலன்ஸ் டிரைவர் வண்டியை மெதுவாக்கி எட்டிப் பாத்தார். "நீ போ, நீ போ"ன்னு கையைக் காட்டிட்டேன். பையனுக்கு ஒண்ணும் ஆகல. அந்தக் காலுதான் இன்னும் கண்ணாடியில தெரியுது.

அதுலேருந்து நான் செய்யிறது இதுதான். சைரன் கேட்டதும் இடது இண்டிகேட்டர் போட்டுருவேன். பின்னால வர்றவருக்கு, இவன் பாத்துட்டான், எடம் தேடுறான்னு புரிஞ்சிரும். எதிர்ல வர்ற வண்டிக்கு லைட் அடிச்சுக் காட்டுவேன். மதகோ, பாலத்து முனையோ, களமோ, எங்க ரோடு அகலமா இருக்கோ அங்க போயி ஒதுங்குவேன்.

குடந்தைக்காரன்:

லாரி அண்ணன் சொல்வதை அப்படியே ஏற்க முடியவில்லை. "இடம் தேடுகிறேன்" என்று சொல்லிக்கொண்டே ஆம்புலன்ஸை ரொம்ப தூரம் பின்னால் இழுத்துக்கொண்டு போனவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். தெரிந்துகொள்ளுங்கள்: 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 194-இ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஆம்புலன்ஸுக்கோ தீயணைப்பு வண்டிக்கோ வழி விடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 2022 அக்டோபரில் இருந்து தமிழ்நாட்டிலும் அந்தப் புதிய தொகையைத்தான் வசூலிக்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 பள்ளித் தீ விபத்தை அறிந்தவர்களுக்குத் தீயணைப்பு வண்டிச் சத்தம் மற்ற ஊர்க்காரர்களுக்குக் கேட்பது போலக் கேட்காது. 94 குழந்தைகள். அன்று எனக்குப் பதினைந்து வயது. இன்றைக்கும் அந்த மணிச் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவேன்.

சில வருஷம் முன்பு எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு வீட்டு மாடியில் தீ. தீயணைப்பு வண்டி வந்தது, திரும்ப முடியவில்லை. முனையில் ஒரு கார், பூட்டிக் கிடக்கிறது. எதிர் வரிசையில் பைக்குகள். முன்னால் வந்து, பின்னால் போய், மறுபடி முன்னால் வந்து... முடியவில்லை. ஒரு தீயணைப்பு வீரர் இறங்கி, ஹோஸ் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தக் காருக்கு முன்னால் வந்து நின்றார். பானட்டின் மேல் ஒரு கையை வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. புகை வரும் பக்கம் பார்த்தார், பிறகு ஓட ஆரம்பித்தார். நாங்கள் பைக்குகளை ஆளுக்கொன்றாகத் தூக்கி வாசல்களுக்குள் வைத்தோம். காரை என்ன செய்வது? வீட்டில் ஆள் இல்லாததால் உயிர்ச் சேதம் இல்லை.

ஓடும் வண்டிக்காரரைக் கூப்பிட்டாவது சொல்லலாம். தெரு முனையில் நிறுத்திவிட்டுப் போனவரை எங்கே போய்த் தேடுவது? இரண்டு நிமிஷ வேலைதானே என்று முனையில் நிறுத்துபவர்கள் எல்லோரும் வழி மறிப்பவர்கள்தான்.

நெல்லு லாரி:

தம்பி, பத்தாயிரம் எங்களுக்கும் தெரியும். இழுத்துக்கிட்டுப் போகச் சொல்லி நான் எங்க எழுதினேன்? லோடு வண்டி சாஞ்சு ரோட்டை அடைச்சா அதுக்குப் பின்னால வர்ற ஆம்புலன்ஸ் எந்த வழியா போகும்? கார் வச்சிருக்கவங்க எறக்கலாம், எறக்கணும். லோடு வண்டி எறக்கக் கூடாது. அவ்வளவுதான்.

தேரடி வாசல்:

எல்லோரும் வண்டி ஓட்டுபவர்களையே குறை சொல்கிறீர்கள். நானும் வழி விட்டவன்தான். திருவாரூர் பைபாஸில் ஒரு தடவை ஆம்புலன்ஸுக்காகக் காரை முள்ளுக்குள் விட்டுக் கதவெல்லாம் கோடு. அது தாண்டிப் போகும்போது பின்கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன், ஸ்ட்ரெச்சர் காலி. உள்ளே ஒருவருமே இல்லை. எதற்குச் சைரன்? இப்படிச் செய்தால் ஜனங்களுக்கு நம்பிக்கை எப்படி வரும்?

ஓய்ந்த ஸ்டியரிங்:

தேரடி வாசல் சார், உங்களுக்குப் பதில் சொல்லத்தான் கணக்குத் திறந்தேன். நான் 108-ல் ஒன்பது வருஷம் பைலட்டாக இருந்தவன். 2008-ல் தமிழ்நாட்டில் அந்தச் சேவை தொடங்கியதிலிருந்து எங்களைப் பற்றிச் சொல்லும் முதல் குறையே இதுதான். சார், காலி ஸ்ட்ரெச்சர் என்றால் நோயாளியை எடுக்கப் போகிறோம் என்று அர்த்தம். எங்கேயோ ஒருவர் ரோட்டில் கிடக்கிறார், ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. அவரிடம் இன்னும் யாரும் போய்ச் சேரவில்லை. ஏற்றிக்கொண்டு வரும்போதாவது உள்ளே ஆக்சிஜன் இருக்கிறது, பக்கத்தில் மருத்துவ உதவியாளர் இருக்கிறார். போகும்போது அவருக்கு என்ன இருக்கிறது? காலி வண்டிக்குத்தான் அவசரம் அதிகம் என்பேன். சைரன் இல்லாமல் விளக்கு மட்டும் சுழன்று வந்தாலும் சாதாரணமாக நினைக்காதீர்கள். வலிப்பு கண்ட கர்ப்பிணியை ஏற்றினால் சத்தம் ஆகாது என்று நான் சைரனை அணைத்துவிடுவேன்.

என் அனுபவம் ஒன்று. நீடாமங்கலம் கேட். இங்கே எழுதும் யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. ரயிலுக்குச் சிக்னல் கொடுத்துவிட்டால் கேட்டைத் திறக்க முடியாது, அது யார் குற்றமும் இல்லை. ரயில் போன பிறகு நடப்பதுதான் குற்றம். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ரோட்டின் முழு அகலத்துக்கும் வண்டிகள். கேட் தூக்கியதும் இரண்டு படையும் தண்டவாளத்து நடுவில் முட்டிக்கொண்டு நிற்கிறது. என் வண்டியில் ஒரு பையன், பள்ளிக்கூடச் சட்டை, நெஞ்சுப் பக்கம் லாரி இடித்தது. அவன் அப்பா பின்னாலிருந்து தடுப்புக் கண்ணாடியைத் தட்டுகிறார். ஒரு வார்த்தையும் இல்லை, தட்டு மட்டும். நான் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற கீரை வியாபாரி அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, வண்டி வண்டியாகப் போய்த் தட்டித் தட்டி வலது பக்கத்தைக் காலி செய்து கொடுத்தார். அந்த அம்மா முகம் எனக்கு நினைவில்லை, மஞ்சள் புடவை மட்டும் நினைவிருக்கிறது.

சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். சைரன் கேட்டதும் முதலில் காலைப் பிரேக்கில் வைக்காதீர்கள், கண்ணைக் கண்ணாடியில் வையுங்கள். எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று தெரியட்டும். இண்டிகேட்டர் போட்டு, மெல்ல இடது பக்கம். நீங்கள் திடீரென்று நின்றால் நாங்களும் திடீரென்று நிற்க வேண்டும். உள்ளே நின்றபடி ஊசி போடுகிறவர் நோயாளி மேலேயே விழுவார். எதிர்த் திசையில் வருகிறவர்களும் அவரவர் இடது பக்கம் ஒதுங்கினால்தான் நடுவில் எங்களுக்கு ஒரு பாதை கிடைக்கும். "அவர் பக்கம்தானே ஆம்புலன்ஸ், எனக்கென்ன" என்று எதிரே வருகிறவர் நினைப்பதால்தான் பாதி நேரம் மாட்டிக்கொள்கிறோம். பாலத்தின் மேல், வளைவில் நிற்காதீர்கள். தாண்டிப் போய் நில்லுங்கள். ஆத்தங்கரையில் லாரி அண்ணன் சொன்னதுதான் சரி, முன்னால் போய் அகலமான இடத்தில் ஒதுங்குங்கள். ஆனால் அந்த இடம் வந்ததும் உடனே ஒதுங்க வேண்டும், குடந்தைத் தம்பி சொல்வதும் நியாயம். பைக்கில் போகிறவர்கள் ஆளுக்கொரு பக்கம் பிரியாமல் எல்லோரும் இடது பக்கமே போங்கள். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓட்டாதீர்கள். ஆம்புலன்ஸ் போனதும் உடனே ரோட்டில் ஏறாதீர்கள், ஒரு விபத்துக்கு இரண்டு வண்டி கூப்பிட்டிருப்பார்கள், இன்னொன்று பின்னால் வரும். கேட்டில் வலது பக்கத்தை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள்.

எங்கள் வண்டிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வராதீர்கள். பாமணிக்கரை சகோதரி, உங்கள் வீட்டுக்காரர் பைக்கில் பின்னால் வந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். தவறாக நினைக்க வேண்டாம், அதுவும் ஆபத்து. நாங்கள் சட்டென்று பிரேக் போட்டால் அவர் கதி என்ன? மெதுவாக வந்து சேர்ந்தால் போதும் என்று சொல்லுங்கள்.

வேதாரண்யம் உப்புக்காற்று:

எங்கள் கதை வேறு மாதிரி. 2018 நவம்பர் 16, கஜா புயல் அடித்த விடிகாலை. ரோட்டில் ஒதுங்கச் சொல்ல வண்டியே இல்லை. பார்த்த இடமெல்லாம் தென்னை விழுந்து கிடக்கிறது. எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது. ஆம்புலன்ஸ் ஊர் எல்லைக்கு முன்பே நின்றுவிட்டது. கட்டிலில் படுக்க வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு போனோம். எங்களுக்கு முன்னால் பையன்கள் அரிவாளால் மட்டைகளை வெட்டி, தண்டைக் கடப்பாரையால் புரட்டிக்கொண்டே போனார்கள். விழுந்தது அவனவன் வீட்டு மரம், ஆனால் ஒருத்தனும் அதைப் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் இருந்து ஆம்புலன்ஸ் தம்பிகளும் வெட்டிக்கொண்டே வந்தார்கள். நடுவில் சந்தித்தோம். பெண் குழந்தை. அதற்குப் பள்ளிக்கூட வயது வந்துவிட்டது.

மரத்தையே புரட்டிய ஊர் இது. போன மாதம் கடைத்தெருவில் மினி வேன் ஒன்று ஆம்புலன்ஸுக்கு முன்னால் நின்று சாமான் இறக்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததில் இருந்து பொறுக்கவில்லை, அதனால் எழுதினேன்.

தேரடி வாசல்:

பைலட் சார், நீங்கள் சொன்னது எனக்குத் தெரியாது. காலி வண்டி பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். இத்தனை நாள் தப்பாகவே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பாமணிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. தனிச்செய்தியில் சிலர் கேட்டதால் சொல்கிறேன், மாமா பிழைத்துவிட்டார். வண்டி நின்ற நேரத்தில் அந்தத் தம்பி பலூன் மாதிரி இருக்கும் பையை மாமாவின் முகத்தில் வைத்து அழுத்தி அழுத்தி மூச்சுக் கொடுத்தபடியே கொண்டுபோய்ச் சேர்த்தார். விஷமுறிவு ஊசி போட்டு, சில நாள் மூச்சுக் குழாயில் வைத்திருந்தார்கள். இப்போது கட்டிலில்தான் படுக்கிறார், கொசுவலையை நாலு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகாமல் படுப்பதில்லை.

பைலட் அண்ணா, நீங்கள் சொன்னது புரிகிறது. ஆனால் அப்பா உள்ளே கிடக்கும்போது மெதுவாக வா என்று அவரிடம் நான் எப்படிச் சொல்வேன்?

லாரி அண்ணன் மதகு என்று எழுதியதைப் படித்ததில் இருந்து ஒரு நினைப்பு. போன வாரம் அந்த வழியாக டவுன் பஸ்ஸில் போனேன். கார் நின்ற இடம் எனக்குத் தெரியும், கரையில் ஒரு புங்கமரம் சாய்ந்திருக்கும். ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தேன். அங்கிருந்து மதகு முப்பது அடிதான். இரண்டு வண்டி தாராளமாக நிற்கலாம், புல் வளர்ந்து கிடக்கிறது. ஒரு மாட்டைக் கட்டியிருந்தார்கள்.